கோடோ 4-இல் லைன் சார்ட்: ஆட்-ஆன் இல்லாமல் செய்து பார்த்ததில்

விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான கோடோ கேம் எஞ்சினில் பட்டன், ஸ்லைடர், டேப் எல்லாம் தயாராக இருக்கின்றன. மதிப்பு ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் லைன் சார்ட் மட்டும் கிடையாது. நான் செய்துகொண்டிருப்பது காய்கறி மண்டி நடத்தும் விளையாட்டு. தக்காளியை இன்றே தள்ளிவிடுவதா, நாளைக்கு வைத்திருப்பதா என்று ஆடுபவர் முடிவெடுப்பது விலைக் கோட்டைப் பார்த்துத்தான். அந்தக் கோடு புரியவில்லை என்றால் ஆட்டமே இல்லை. அதனால் மற்றவர்கள் எழுதிய கூடுதல் நிரலான ஆட்-ஆன் எதையும் நம்பாமல், எஞ்சின் தரும் வரைகருவிகளை வைத்தே சார்ட்டைக் கட்டினேன். இந்த வேலைக்கு கோடோ 4-ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் சில இடங்களில் நாமே இறங்கிப் பாடுபட வேண்டும்.

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது 'லைன் 2டி' நோட் (கோடோவில் காட்சியைக் கட்டும் ஒவ்வொரு துண்டும் ஒரு நோட்). தடிமன், நிறச்சாய்வு, திருப்பங்களை உருட்டி முடிக்கும் வசதி எல்லாம் அதில் உண்டு. ஆனால் பட்டன், பேனல்களை அளவு பார்த்து அடுக்கும் கன்டெய்னருக்குள் அது அடங்காது. பக்கத்தில் இருக்கும் பேனல் விரிந்தால் கோடு பழைய அளவிலேயே நிற்கும். சார்ட் என்பது திரையில் மற்ற பட்டன்களோடு சேர்ந்து விரிந்து சுருங்க வேண்டிய பொருள். ஆகவே பட்டன் போன்றவற்றுக்கு அடிப்படையான 'கன்ட்ரோல்' நோட்டை எடுத்து, அதன் 'டிரா' ஃபங்ஷனில், புள்ளிகளை இணைத்துக் கோடு போடும் 'பாலிலைன்' கொண்டு வரைவதே சரியான வழி. அளவு மாறினால் எஞ்சினே மறுபடி வரையச் சொல்லிவிடுகிறது.

இந்த 'டிரா' வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒருமுறை வரைந்ததை எஞ்சின் நினைவில் வைத்துக்கொள்கிறது. புது விலை வந்ததும் 'க்யூ ரீடிரா' என்று கூப்பிட்டால்தான் திரும்ப வரையும். ஒரே ஃபிரேமில் (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரத்தில்) பத்து முறை கூப்பிட்டாலும் ஒரு தடவைதான் வரையும். தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் என்று மூன்று கோடுகள் ஒன்றாக மாறும்போதும் கவலைப்பட ஏதுமில்லை.

நிறம், தடிமன், புள்ளியின் அளவு, கட்டக்கோடுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட்டுக்கு வெளியிலும் தெரியும்படி 'எக்ஸ்போர்ட்' செய்து வைத்தால், எடிட்டரின் அமைப்புப் பலகையான இன்ஸ்பெக்டரிலேயே மாற்றலாம். ஸ்கிரிப்ட்டை எடிட்டரிலும் ஓடவைக்கும் 'டூல்' என்பதை அதன் தலையில் போட்டு, ஒவ்வொரு மாறிக்கும் மதிப்பு மாறும்போது ஓடும் செட்டரில் 'க்யூ ரீடிரா' வைத்தால், விளையாட்டை ஓட்டாமலே நிறம் மாறுவது எடிட்டரில் தெரிகிறது. படம் போடும் நண்பரிடம் சார்ட்டைக் கொடுத்துவிட்டு என் வேலையை நான் பார்க்க முடிந்தது இதனால்தான்.

அப்புறம் அச்சு எண்கள். எஞ்சின் இதற்கு எந்த உதவியும் செய்யாது. விலை 17-லிருந்து 43 வரை போனால், அதை ஐந்தாகப் பிரித்து 22.2, 27.4 என்று எழுதினால் யாருக்கும் பிடிபடாது. 10, 20, 30 என்று வர வேண்டும். 1, 2, 5 அல்லது அவற்றின் 10, 100 மடங்குகளில் பொருத்தமான இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறையை நாமே எழுத வேண்டும். திரையில் மேல் மூலைதான் பூஜ்ஜியம், கீழே போகப் போக மதிப்பு கூடும் என்பதால் விலையைத் தலைகீழாகத் திருப்பவும் வேண்டும். அதற்கு, ஓர் எண்ணை ஒரு வரம்பிலிருந்து இன்னொரு வரம்புக்கு மாற்றும் 'ரீமேப்' ஃபங்ஷன் போதும். ஆனால் எல்லா நாளும் விலை ஒன்றாகவே இருந்தால் பூஜ்ஜியத்தால் வகுப்பதில் போய் முடியும். அதைத் தனியாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கோடோ 3-இல் 'கொத்தமல்லி' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4-இல் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்திருக்கிறது, எழுத்து சரியாகக் கூடி வருகிறது. சார்ட்டுக்குள் 'டிரா ஸ்டிரிங்' கொண்டு எழுதினாலும் அப்படியே. ஆனால் எஞ்சினோடு வரும் ஃபான்ட்டில் தமிழ் இல்லை. கணினியில் இருக்கும் ஃபான்ட்டை அது தேடி எடுத்துக்கொள்வதால் நம் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், பிரவுசருக்கு ஏற்றுமதி செய்தால் வெறும் கட்டங்கள் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு ஃபான்ட்டைப் புராஜெக்ட்டிலேயே சேர்த்துவிடுங்கள். எழுத்தின் இடம், எழுத்துகள் அமர்ந்திருக்கும் அடிக்கோட்டிலிருந்து கணக்காகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

கோட்டுக்குக் கீழே நிறம் நிரப்புவதுதான் பலவீனமான இடம். முழுப் பரப்பையும் ஒரே பலகோணமாகக் கொடுத்தால், விலை அடித்தளத்தைத் தொட்டுப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது முக்கோணங்களாகப் பிரிக்க முடியாமல் பிழை வருகிறது, நிறமும் காணாமல் போகிறது. இரண்டு நாட்களுக்கு இடையே நான்கு புள்ளிகள் கொண்ட 'ப்ரிமிட்டிவ்' என்ற எளிய வடிவத்தை வரைந்தால் அந்தச் சிக்கல் இல்லை. மேலிருந்து கீழே மங்கிப்போகும் நிறமும் அதிலேயே கிடைக்கும். 'பாலிலைன்' திருப்பங்களை உருட்டித் தராது, ஒவ்வொரு நாளுக்கும் சின்ன வட்டம் வைத்தால் பார்க்க நன்றாகிவிடும்.

கோட்டின் ஓரம் பிசிறடித்தால் விளிம்பை மென்மையாக்கும் 'ஆன்டி ஏலியாஸ்ட்' என்பதை மட்டும் இயக்குங்கள். தடிமன் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால்தான் அது வேலை செய்யும். பழைய போன்களுக்கான கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரில் (படத்தைத் திரையில் தீட்டும் பகுதி) திரை முழுவதும் விளிம்புகளை மென்மையாக்கும் 2டி எம்எஸ்ஏஏ கிடையாது, அங்கே இதுதான் வழி.

இன்னொரு கேம் எஞ்சினான யூனிட்டியின் பழைய யுஐயில் (பட்டன், பேனல் கட்டும் பகுதி) இதே கோட்டுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு முனைகளையும் இரண்டு முக்கோணங்களையும் நாமே அடுக்க வேண்டும். புதிய யுஐ டூல்கிட்டின் 'பெயின்ட்டர் 2டி' அதைவிட எவ்வளவோ மேல், திருப்பங்களை உருட்டும் வசதியும் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் யூனிட்டிக்குத்தான் என் ஓட்டு. மற்றபடி எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோடோவில், விளையாட்டுக்குள் சில நூறு புள்ளிகள் காட்ட இந்த வழி தாராளமாகப் போதும். ஒவ்வொரு ஃபிரேமிலும் பல்லாயிரம் புள்ளிகள் ஓட வேண்டுமென்றால் கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டின் லூப்பில் செய்யாதீர்கள், கிராஃபிக்ஸ் சிப்பிலேயே ஓடும் நிரலான ஷேடர் பக்கம் போய்விடுங்கள்.