பழைய ஸ்டீரியோவுக்குக் கம்பியில்லாத் துணை: ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஸ்டீரியோவை, கணினியிலுள்ள பாடல்களை அதில் கேட்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் குறையைத் தீர்க்க நான் பயன்படுத்தி வருவது, 2012-இல் வெளிவந்த ஆப்பிளின் இரண்டாம் தலைமுறை ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்னும் சிறிய வைஃபை ரூட்டர். கணினி கம்பியில்லாமல் அனுப்பும் பாடலைப் பெற்று ஸ்டீரியோவுக்குக் கொடுப்பது இதுதான்.

இதன் 3.5 மி.மீ. துளையிலிருந்து ஆர்சிஏ முனைகள் (வழக்கமாகச் சிவப்பு, வெள்ளை நிறத்தில் வரும் இரட்டைச் செருகிகள்) கொண்ட கேபிளை ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் உள்ளீட்டில் செருகினால் போதும். ஃபோனோ என்று குறித்த உள்ளீட்டை மட்டும் தவிர்க்க வேண்டும். இசைத்தட்டு ஊசியின் மிக மெல்லிய சமிக்ஞையைப் பெருக்குவதற்காக அமைந்த அது, இக்கருவியின் வலுவான சமிக்ஞையைக் கரகரப்பாக்கிவிடும். அதே துளை, டிஜிட்டல் ஒலியை ஒளிவழியே கடத்தும் ஆப்டிகல் கேபிளையும் ஏற்பது பலருக்குத் தெரியாத வசதி. டிஜிட்டல் ஒலியை அனலாக் சமிக்ஞையாக மாற்றும் கருவியான டிஏசியைத் தனியாக வைத்திருப்பவர்கள் இதற்காகவே இதை விரும்புவார்கள்.

ஆப்பிளின் கம்பியில்லா ஒலிபரப்பு முறையான ஏர்பிளே, குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை வைஃபை வழியே இழப்பின்றி அனுப்ப வல்லது. வீணையின் மீட்டு அடங்கும் கடைசி நொடிவரை தெளிவாகக் கேட்பது எனக்குப் பெரும் நிறைவைத் தருகிறது. பாட்டைத் தொடங்கியபின் ஒலி வர ஏறத்தாழ இரண்டு நொடி ஆகும். இசைக்கு அது பொருட்டில்லை. விண்டோஸ் கணினியிலிருந்து பாடல் அனுப்ப, ஆப்பிளின் இசை மென்பொருளான ஐடியூன்ஸ் இருந்தால் போதும்.

தயாரிப்பு 2018-இல் நின்றுவிட்டதால், பயன்படுத்திய கருவியே கிடைக்கும். அவ்வாண்டு வந்த மென்பொருள் மேம்பாடு ஏர்பிளேயின் அடுத்த பதிப்பான ஏர்பிளே 2 வசதியை இரண்டாம் தலைமுறைக்கு மட்டுமே தந்தது. ஆகவே வெண்ணிறச் சதுரப் பெட்டி வடிவிலுள்ளதையே வாங்குங்கள்.