மணக்கும் டப்பா உணவு, குட்டிக்கு வேண்டாம்

வேளச்சேரியில் ஒருவர் வீட்டிலேயே சமைத்து, காலையில் வாசலுக்கு அனுப்பும் நாய் உணவு இது. கோழி, ஈரல், குழைந்த சோறு. எங்கள் ராஜபாளையம் குட்டி மூடியைக்கூட விடாமல் நக்குகிறது. ‘எலும்பே கிடையாது’ என்று லேபிளில் பெருமை வேறு! கோளாறே அங்கேதான். கால்சியம் இருப்பது எலும்பில்தான்; இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைக் கூட்டி, எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியலாம், எலும்போ மெலிந்துகொண்டிருக்கும். பாஸ்பரஸ் 1 பங்கு என்றால் கால்சியம் 1 முதல் 2 பங்கு வரை வேண்டும். சமைப்பவரைக் கேட்டால், “கால்சியம் டானிக் ஊற்றிக்கொள்ளுங்கள், மேடம்” என்கிறார். எவ்வளவு? பதில் இல்லை. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிகுந்தாலும் எலும்பு வளர்ச்சி கெடும். வளர்ந்த நாய்க்கு எப்போதாவது வாங்கலாம்.