'கம்ப்ரெசர்' ஸ்டிக்கரை நம்பி 860 வெள்ளி போச்சு: மின்சாரக் காருக்குக் குளிர்பெட்டி வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் மின்சாரக் கார் வைத்திருக்கிறவர்கள், காருக்குள் சாப்பாடு, பால், தண்ணீர் குளிராக இருக்க ஒரு பெட்டி வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இன்று காலையில்தான் நான் பெட்டி வாங்கிய கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. வயிறு எரிகிறது. 860 வெள்ளி (ரிங்கிட்). பெட்டிக்கு 780, வயர் இழுத்த கூலி 80. கடைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. டவுனில் கார் சாமான் விற்கிற, டின்ட் ஒட்டுகிற, கேமரா மாட்டுகிற மாதிரிக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் வீட்டில் தயிர், மோர், பால்கோவா செய்து விற்கிறவள். செம்பனைத் தோட்டத்து ஓரமாக மாடு வைத்திருக்கிற ஒருவர் விடியற்காலையில் பால் கொண்டுவந்து கொடுப்பார். சனிக்கிழமைகளில் செம்மோர் வழியாக ஈப்போவுக்குப் போய், புந்தோங்கில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத் திரும்புவோம். பெட்ரோல் காரில் ஓடிய காலத்தில் பெரிய ஐஸ் தோங்கில் (மூடி போட்ட பெட்டியில்) உடைத்த ஐஸ் போட்டு அதன்மேல் தயிர் டப்பாக்களை அடுக்குவேன். தண்ணீர் கசிந்து சீட்டெல்லாம் ஊறும், லேபிள் உரியும். மின்சாரக் கார் வந்ததும் வீட்டுக்காரர் சொன்னார், "இவ்வளவு பெரிய பேட்டரி சும்மா கிடக்குது, ஒரு குட்டி ஐஸ்பெட்டி வாங்கி மாட்டிடலாமே." சரியான யோசனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு ஐஸ்பெட்டி மாதிரி கேஸை அழுத்திக் குளிராக்குகிற நல்ல கம்ப்ரெசர் பெட்டி ஓடும்போது 50, 60 வாட்தான் இழுக்கும், குளிர்ந்த பிறகு விட்டு விட்டுத்தான் ஓடும். விடாமல் 10 மணி நேரம் ஓடினால்கூட அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. 60 யூனிட் பிடிக்கிற கார் பேட்டரிக்கு அது நூற்றில் ஒரு பங்கு.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்க மண்டோர் மகள்தானே? உங்க அப்பா கையில நான் மிட்டாய் வாங்கித் தின்னிருக்கேன்," என்றார். அப்பா தோட்டத்தில் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. இறந்து பல வருடம் ஆகிறது. தோட்டத்தை விட்டு வந்த பிறகு அவரை அந்தப் பெயர் சொல்லிக் கேட்கிற ஆளே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் வியாபாரம் முடிந்தது. அப்பா பெயரைச் சொல்லி என்னிடம் 860 வெள்ளி வாங்கியவர் இவர் ஒருவர்தான். இதை எழுதும்போதுதான் இன்னும் கோபம் கூடுகிறது.

மேசைமேல் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மூடியில் நீல எழுத்தில் மைனஸ் 5. திறந்து ஒரு ஹண்ட்ரட் ப்ளஸ் டின்னை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஜில்லென்றுதான் இருந்தது. பக்கத்தில் வெள்ளி நிற ஸ்டிக்கரில் பெரிதாகக் 'கம்ப்ரெசர்' என்று போட்டிருந்தது. "வீட்டு ஐஸ்பெட்டி மாதிரியே அக்கா, சின்னதா இருக்கு, அவ்வளவுதான். வெளியில இது ஆயிரத்துக்கு மேல, உங்களுக்காக 780." ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "புது மாடல் அண்ணே," என்றார்.

அடுத்து வயர். நம் காரில் வண்டியை அணைத்துப் பூட்டினால் சிகரெட் லைட்டர் பாயின்ட்டும் அணைந்துவிடும். பல மின்சாரக் காரில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் அதற்கும் வழி சொன்னார். "நேரா பேட்டரியில இருந்தே இழுத்துத் தர்றேன் அக்கா, ராத்திரி முழுக்க ஓடும். 80 வெள்ளி குடுங்க." காரை ஓட்டுகிற அந்தப் பெரிய பேட்டரியைத்தான் சொல்கிறார் என்று யாருமே நினைப்பார்கள். அவர் மாட்டியது முன்பக்கம் இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரியில்.

அந்தச் சனிக்கிழமை புந்தோங்கில் முதல் வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்தேன். புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. தயிர் டப்பா மூடி உப்பியிருந்தது. உள்ளே தயிர் ஒரு பக்கம் சுருங்கி, மஞ்சள் தண்ணீர் மேலே நின்றது. பால்கோவாவைத் தொட்டேன், விரலில் நெய் வழிந்தது. மூடியில் அப்போதும் மைனஸ் 5. சமையலுக்கு வைத்திருக்கிற குச்சி தெர்மாமீட்டரை உள்ளே சொருகினால் 27 டிகிரி. சாப்பாட்டுப் பொருள் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்குமேல் 60 வரைக்கும் கிருமி பெருகும் என்று உணவு கையாளும் கோர்ஸில் எங்களுக்குப் பாடமே நடத்தினார்கள். எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம். அந்த வீட்டு அம்மா பெரிய மனசு பண்ணி, "பரவால்லம்மா, அடுத்த வாரம் குடு," என்றார்கள். அடுத்த வீட்டில் அப்படிச் சொல்லவில்லை.

சரி, முதல் நாள், பெட்டி பழக வேண்டுமோ என்னவோ என்று அன்றிரவு காலிப் பெட்டியை ஓட விட்டோம். மறுநாள் காலையில் கார் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருக்கிறது, கார் செத்துக் கிடக்கிறது. வேறு பேட்டரி வைத்து ஜம்ப் பண்ண வந்த பையன்தான் விளக்கிச் சொன்னான். கதவு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்ச் எல்லாம் அந்தச் சின்ன பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றனவாம். வண்டி ஆன் ஆகி இருக்கும்போது பெரிய பேட்டரி சின்னதுக்குச் சார்ஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். பூட்டி வைத்தால் சில கார்கள் தானாக விழித்து ஏற்றிக்கொள்ளும், எங்களுடையது ஏற்றவில்லை. எங்கள் சின்ன பேட்டரி 45 ஆம்பியர்-மணி. பெட்டி 60 வாட், அதாவது 5 ஆம்பியர், நிற்காமல் இழுத்தது. கணக்குப் போட்டால் 9 மணி நேரத்தில் சுத்தமாகக் காலி. நல்ல பெட்டிகளில் பேட்டரி இறங்கினால் தானாக நின்றுவிடும் வசதி இருக்கும். இதில் அதுவும் இல்லை. அந்தப் பையனுக்குக் கொடுத்த காசையும் கொட்டிய தயிரையும் நான் 860-ல் சேர்க்கவில்லை.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து பின்பக்கத்து மூடியை நான்கு ஸ்குரு கழற்றினான். உள்ளே ஒரு சின்ன காற்றாடி, அலுமினியத் தகடு, அதற்கு நடுவே பிஸ்கெட் அளவில் ஒரு வெள்ளைச் சில்லு. வேறு ஒன்றுமே இல்லை. "அத்தை, இதுல கம்ப்ரெசரே கிடையாது. இது பெல்டியர்," என்றான். 1834-லேயே பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சங்கதியாம். மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சில்லில் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சுற்றியிருக்கிற சூட்டைவிட 15, மிஞ்சிப் போனால் 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான் அதன் சக்தி. கடையில் ஏசி 23-ல் ஓடியது, அதனால் டின் ஜில்லென்று இருந்தது. வெயிலில் நிறுத்திய காருக்குள் 45, 50 போகும். அதில் 20 கழித்தால் என்ன மிச்சம்? மூடியில் எரிகிற மைனஸ் 5 நாம் வைக்கிற எண்ணாம், உள்ளே இருக்கிற குளிர் அல்லவாம்.

ஈரம் பட்டு அந்த வெள்ளி ஸ்டிக்கரின் ஓரம் எழும்பியிருந்தது. நகத்தால் இழுத்தேன், முழுசாக வந்துவிட்டது. அடியில் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது: 'கூலர் அண்ட் வார்மர்'. அதாவது வேறு பெட்டிமேல் இவர்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பெட்டி 200 வெள்ளிக்கே கிடைக்கிறது என்று அண்ணன் மகன் போனில் எடுத்துக் காட்டினான். எனக்கு 780.

இனி கடைக்காரர் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில், "அக்கா, நீங்க சாமானை முன்னாடியே குளிர வச்சு அடுக்கணும்." தயிர் ராத்திரி முழுக்க வீட்டு ஐஸ்பெட்டியில் இருந்தது, அதைச் சொன்னேன். அப்புறம், "மின்சாரக் கார்ல வோல்டேஜ் வேற அக்கா, பெட்ரோல் கார்னா நல்லா ஓடும்." இது பச்சைப் பொய், எந்தக் காராக இருந்தாலும் அந்த பாயின்ட்டில் வருவது 12 வோல்ட்தான். மின்சாரக் காருக்கென்றே வாங்கியது என்று தெரிந்துதானே வயர் இழுத்தார்? பிறகு, "சப்ளையர் கோலாலம்பூர்ல இருக்காரு, கேட்டுச் சொல்றேன்." வாட்சப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் வேலைக்கு இருக்கிற பங்களாதேஷ் பையன், "போஸ் இல்லை, போஸ் வெளியே," என்கிறான். முதலாளியின் கார் பின்னால் நிற்கிறது. உரிந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு குரல் மாறிவிட்டது. அக்கா போய் 'மேடம்' வந்தது. "பெட்டியைத் திறந்துட்டீங்க மேடம், வாரண்டி போச்சு." இன்று காலையில் வந்தது கடைசி: ரெசிட்டின் அடியில் இருக்கிற 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியை வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதற்குக் கீழே கும்பிடு போடுகிற படம் வேறு. மண்டோர் மகளுக்கு அவர் செய்த மரியாதை.

அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னால் ரெசிட்டில் அச்சடிக்கிற வரி செல்லாது. ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்றால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் (மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா) மனு போட 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வாங்கி 3 வருடத்துக்குள் போட வேண்டும். திங்கட்கிழமை நான் போடப் போகிறேன். ஸ்டிக்கரைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருக்கிறது, கையும் ஓடவில்லை, அவசரமாக நாலு வரி. பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், கம்ப்ரெசர் இருந்தால் நல்லாவே கனக்கும். பின்னால் ஆர்134ஏ, ஆர்600ஏ என்று ஏதாவது ஒரு கேஸ் பெயர் போட்டிருக்கும். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். சூடாக்கவும் செய்யும் என்று விற்றால் பெரும்பாலும் பெல்டியர்தான். கடை ஏசியில் பார்க்காதீர்கள், காருக்குள் வைத்து உங்கள் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் யாரையும் வயர் இழுக்க விடாதீர்கள். எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் விடாதீர்கள். நிறுத்தி வைத்து ஓட்டுவதென்றால் வண்டி ஆன்-ல் இருக்கட்டும், இல்லாவிட்டால் காரிலேயே வெளிச் சாமான்களுக்குக் கரண்ட் எடுக்கிற வசதி இருக்கிறதா என்று கார் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரெசிட்டில் 'கம்ப்ரெசர்' என்று எழுதி வாங்குங்கள். என் ரெசிட்டில் 'கார் பிரிட்ஜ் 1, 780' என்று மட்டும்தான் இருக்கிறது.

இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி வேறு யாராவது வாங்கியிருந்தால் ஓரத்தை உரித்துப் பார்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.