த கிரிமேட்டர் புளூரே: ருடோல்ஃப் ஹ்ருஷின்ஸ்கி ஒருத்தருக்காகவே வாங்கலாம்

எங்கட பக்கம் செக் படத்தத் தேடிப் பாக்கிற ஆக்கள் குறைவு, ஆனா வன்னியில நாடகம் கூத்து எண்டு ஓடித்திரியிற பெடியள் பெட்டையள் எல்லாருக்கும் சொல்லுறன், 'த கிரிமேட்டர்' எண்ட செக் படத்தின்ர இந்த டிஸ்க்க எப்பிடியாவது எடுத்துப் பாருங்கோ. கனடாவில இருக்கிற மச்சான் வரேக்க கொண்டுவந்து தந்தது, அமெரிக்கப் பதிப்பு. கறுப்பு வெள்ளைப் படம், 4கேயில திருத்தி எடுத்திருக்கினம், படம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா நான் எழுத வந்தது பிரிண்டப் பற்றி இல்ல, அந்த நடிகன பற்றித்தான்.

ருடோல்ஃப் ஹ்ருஷின்ஸ்கி 1920ல பிறந்தவர், ஊர் ஊராப் போய் நாடகம் போடுற குடும்பம், நாடகம் நடந்துகொண்டிருக்கேக்க மேடைக்குப் பின்னால பிறந்தவர் எண்டுகூட சொல்லுவினம். பிராக் நகரத்தில புரியான் எண்ட இயக்குநரின்ர நாடகக் குழுவில இளவயசில நடிச்சிருக்கிறார், 1941ல ஜேர்மன்காரர் அந்த நாடகசாலையப் பூட்டிப்போட்டாங்கள். பிறகு 1960ல இருந்து பிராக் தேசிய நாடக அரங்கில. நடுவில 1950களில ஷ்வெய்க் எண்ட சிப்பாயா ரெண்டு படம் நடிச்சு நாடு முழுக்கத் தெரிஞ்ச முகமாகிட்டார். வெகுளியான, சனத்துக்குப் பிடிச்ச சிப்பாய். அந்த முகத்த வச்சுத்தான் யுராய் ஹெர்ஸ் எண்ட இயக்குநர் இந்தப் படத்தில எங்களப் பயப்படுத்திறார்.

கதை 1930களின்ர கடைசி, பிராக். கொப்ஃபர்கிங்கல் எண்டவர் பிணம் எரிக்கிற இடத்தில வேலை. குடிக்கமாட்டார், சிகரெட் பத்தமாட்டார், மனுசி பிள்ளையளில உயிர், திபெத் புத்தகம் ஒண்டக் கையில வச்சுக்கொண்டு செத்த ஆக்களின்ர ஆத்மாவ விடுதலையாக்கிறன் எண்டு நம்பிற ஆள். ஹிட்லரின்ர நாசிப் படையள் நாட்டுக்குள்ள வரேக்க பழைய கூட்டாளி ஒருத்தன் வந்து உனக்கு ஜேர்மன் ரத்தம் எண்டு காதில ஓதுறான், மனுசியின்ர தாய் யூதர் எண்டதும் தெரியவருது, அதுக்குப் பிறகு நடக்கிறத நான் சொல்லேல்ல.

இதில ஹ்ருஷின்ஸ்கி ஒரு இடத்திலயும் சத்தம் போடேல்ல. அந்தக் குரல் கடைசிமட்டும் அப்பிடியே மெல்லிசா, தேனா, தாலாட்டுப் போல போகுது, கொலை செய்யேக்கயும் அதே குரல்தான். சீப்பு ஒண்டு வச்சிருக்கிறார். பெட்டியில கிடக்கிற பிணத்தின்ர தலைமயிர வடிவா வாரிவிடுறார், வாரிப்போட்டு அதே சீப்பால தன்ர தலையையும் வாருறார், முகத்தில ஒரு மாற்றமும் இல்ல, நல்லா வேலை செய்து முடிச்ச மனுசன்ர திருப்தி மட்டும். ஆக்களோட கதைக்கேக்க அவையின்ர கழுத்த, கன்னத்த, தோளத் தொட்டுத் தொட்டுத்தான் கதைக்கிறார், அந்தக் கை ஒவ்வொரு தரமும் போய்ப் படேக்க எனக்கு உடம்பு கூசினது. எங்கட பெரியப்பா முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடினவர், அவருக்கு இங்கிலிஷ் சப்டைட்டில் வாசிக்க ஏலாது, நான் இடைக்கிட நிப்பாட்டிச் சொல்லிச் சொல்லித்தான் பாத்தம். அவர் சொன்னது, இந்தாளின்ர பாசை விளங்காட்டியும் பரவாயில்ல, கையப் பாத்தாலே காணும், பொய் சொல்லுறானெண்டு கை சொல்லுது எண்டு. ஒரு அண்ணாவியாரின்ர கண்ணுக்கு அது உடன பிடிபட்டிட்டுது.

இன்னொரு விசயம், இந்தப் படத்தில ஒரு காட்சியில கொப்ஃபர்கிங்கல் கதைச்சுக்கொண்டு நிப்பார், அந்த வசனம் முடியேக்க கமெரா பின்னுக்கு வரும், பாத்தா ஆள் வேற இடத்தில வேற ஆக்களோட நிப்பார். அதுக்கு முகம் ஒரு சொட்டும் அசையாம இருக்கோணும், மேடையில ஊறின ஆள் எண்டபடியாத்தான் செய்யமுடிஞ்சது எண்டு நான் நினைக்கிறன். லிஷ்காவின்ர இசையும் சேந்து ஒரு மாதிரி மயக்கிக் கொண்டுபோகும். மனுசியா நடிச்ச விளாஸ்டா ஹ்ரமொஸ்தோவாவும் அருமை.

இனி நான் இந்த மனுசன மதிக்கிறதுக்கு முக்கியக் காரணம். இந்தப் படம் எடுத்துக்கொண்டிருக்கேக்கதான் 1968 ஆவணியில சோவியத் தாங்கியள் பிராக்குக்குள்ள வந்தது. அதுக்குக் கொஞ்சம் முதல், அந்த வருசம் ஆனியில, சுதந்திரம் கேட்டு வந்த 'ரெண்டாயிரம் சொற்கள்' எண்ட அறிக்கையில இவரும் கையெழுத்து வச்சவர். பிறகு கையெழுத்தத் திரும்ப எடு எண்டு நெருக்கேக்க அவர் எடுக்கேல்ல. அதால 70களின்ர தொடக்கத்தில கனகாலம் சினிமாவிலயும் ரீவியிலயும் அவர விடேல்ல, அந்த நாட்டில எல்லாரும் அறிஞ்ச நடிகன், ஆனா திரையில இல்ல. இந்தப் படத்தையும் 1973ல பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினவை, கம்யூனிஸ்ட் ஆட்சி மாறின 1989 மட்டும் வெளிய விடேல்ல. அதிகாரம் காதில ஓதினவுடன தலையாட்டுற மனுசனா நடிச்ச ஆள், தனக்கு அந்த நேரம் வரேக்க தலையாட்டேல்ல. 90ல நாடாளுமன்றத்துக்கும் தெரிவானவர், 94ல காலமானார்.

இந்த ஒரு படத்தோட நிப்பாட்டாதேங்கோ. யிர்ஷி மென்ஸல் எடுத்த 'மை ஸ்வீட் லிட்டில் வில்லேஜ்' படத்தில ஊர் டொக்டரா வாறார், காரை எங்கயாவது கொண்டுபோய் இடிச்சுக்கொண்டே இருக்கிற, வயல்வெளியப் பாத்துக் கவிதை சொல்லுற டொக்டர், அவ்வளவு அன்பான மனுசன். கிரிமேட்டர் பாத்து நித்திரை வராத ஆக்கள் அடுத்தநாள் அதப் பாருங்கோ, ஒரே ஆள்தானா எண்டு நம்பேலாது.

டிஸ்க்கப் பற்றி இனிச் சுருக்கமா. ஹெர்ஸின்ர முதல் குறும்படமும் இருக்கு, லிஷ்காவப் பற்றின ஆவணப்படமும் இருக்கு, ஹ்ருஷின்ஸ்கியின்ர 1993 பேட்டியும் இருக்கு, அவர் சாக முதல் வருசம். அந்தப் பேட்டிக்கே காசு குடுக்கலாம். சப்டைட்டில் இங்கிலிஷ் மட்டும்தான், அவர் நிறையக் கதைக்கிறபடியா வாசிச்சுக்கொண்டிருந்தா முகத்தத் தவறவிட்டிடுவியள், அதால முதல்தரம் கதைக்கு, அடுத்ததரம் முகத்துக்கு எண்டு பாருங்கோ.

கவனிக்கவேண்டியது ரெண்டு. அமெரிக்கப் பதிப்பு எங்கட நாட்டுப் பிளேயருகளில ஓடாது, ரீஜன், அதாவது டிஸ்க் ஓடுற நாட்டுப் பிரிவு, வேற, எல்லா ரீஜனும் ஓடுற பிளேயர் இருந்தா மட்டும் வாங்குங்கோ, இல்லாட்டி லண்டனில வந்த பதிப்பச் சொல்லி எடுப்பியுங்கோ, அதுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. மற்றது, வீட்டில ஆரும் 2009ல ஆக்களப் பறிகுடுத்தவை இருந்தா முன்னமே என்ன படமெண்டு சொல்லிப்போட்டுப் போடுங்கோ. பெட்டியள் வரிசையா வாற காட்சியில எங்கட அம்மா எழும்பிப் போயிட்டா, நான் முதலே சொல்லியிருந்தும்.

ஒரேயொரு குறை, இவ்வளவு பெரிய மேடை நடிகன், ஆனா அவர் மேடையில நடிச்ச ஒரு நாடகத்தின்ர துண்டுகூட டிஸ்க்கில இல்ல. அவரின்ர மேடைப் பதிவு ஏதாவது சப்டைட்டிலோட ஆரிட்டயும் இருந்தா சொல்லுங்கோ, பெரியப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.