விட்ஸ் ஆர்எஸ்ஸா, ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா? கல்லடி–கல்முனை றோட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

பாவித்த ஹொட் ஹேட்ச் கார் ஒன்றை வாங்கித் தினமும் வேலைக்கு ஓட்டலாமா என்று யார் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வேன். சிறிய உடம்பு, அதற்குக் கொஞ்சம் பெரிய எஞ்சின், மெனுவல் கியர், பின்னால் சாமான் ஏற்ற அகலமான கதவு. கல்லடியிலிருந்து கல்முனைக்குப் போய்வரும் எனக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்கவில்லை. எந்தக் காரை எடுப்பது என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. இதுவரை மூன்றை வைத்திருந்திருக்கிறேன்: டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா வி, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், இப்போது டொயோட்டா விட்ஸ் ஆர்எஸ். மூன்றும் கைமாறி வந்தவை, மூன்றும் மெனுவல். நான் விட்ஸ் பக்கம் சாய்ந்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டே மிச்சத்தை வாசியுங்கள்.

பாதையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஏ4 வீதி. காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் இடத்தில் முச்சக்கரவண்டிகளோடு ஊர்ந்து போக வேண்டும். ஆரையம்பதி தாண்டினால் றோட்டு கொஞ்சம் விரியும். களுவாஞ்சிக்குடியில் மறுபடி நெரிசல், மருதமுனையிலிருந்து கல்முனை வரை மறுபடி இரண்டாம் கியர். மாடு எங்கேயும் குறுக்கே வரும். மார்கழி மழைக்கு உள்வீதிகளில் தண்ணீர் நிற்கும். இதற்கு 200 குதிரைவலு தேவையே இல்லை. நெரிசலில் காலை நோகடிக்காத கிளச், நல்ல ஏசி, தரையைத் தட்டாத உயரம், இடையில் வெறும் றோட்டு கிடைத்தால் மூன்றாம் கியரில் இழுத்துப் பார்க்க மனம் வரும் ஓர் எஞ்சின். இவ்வளவு போதும்.

கிளான்சாவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1996 முதல் 1999 வரை வந்த வண்டி. 1.3 லீற்றர் டர்போ எஞ்சினில் 135 குதிரைவலு, எடை 900 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். டர்போ அழுத்தத்தைக் குறைவு, கூட என்று இரண்டு நிலைகளில் வைக்க ஒரு பொத்தான் இருக்கும். கூட்டி வைத்து இரண்டாம் கியரில் மிதித்தால் வரும் அந்தத் தள்ளல் மற்ற இரண்டிலும் இல்லை, இனி எந்தக் காரிலும் எனக்குக் கிடைக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த 4ஈ-எஃப்டிஈ எஞ்சின் டர்போ ஸ்டார்லெட்டுகளில் மட்டுமே வந்தது. டைமிங் பெல்ட்டைக் காலத்துக்கு மாற்ற வேண்டும், எண்ணெய் மாற்றுவதில் ஒரு நாளும் சோம்பல் கூடாது, வயதான ரப்பர் குழாய்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும். முந்திய சொந்தக்காரர் டர்போ அழுத்தத்தில் கை வைத்திருந்தால் அதன் விலையை வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் இன்னொரு கார் இருப்பவர்களுக்கு அருமையான வண்டி. தினசரி ஓட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம்.

31எஸ் என்று ஆட்கள் சொல்லும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 2005இல் ஜப்பானில் வெளிவந்தது. 1.6 லீற்றர் எம்16ஏ எஞ்சின், 125 குதிரைவலு, ஐந்து கியர், நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். கடதாசியில் பார்த்தால் விட்ஸ் ஆர்எஸ்ஸைவிடப் பதினைந்து குதிரைவலுதான் கூட. ஆனால் இந்த இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எஞ்சினில் இல்லை, உடம்பின் இறுக்கத்தில் இருக்கிறது. செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது அது தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்பும், பின்பக்கம் ஒரு தயக்கமும் இல்லாமல் கூடவே வரும். எஞ்சின் 4000 சுற்றுக்கு மேல்தான் முழுதாக விழிக்கும், அங்கிருந்து 7000 வரை விடாமல் பாடிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தில் விட்ஸை ஓட்டினால் நல்ல கார் என்று சொல்வீர்கள். ஸ்விஃப்டை ஓட்டினால் பசறை வந்தது ஏன் என்று வருத்தப்படுவீர்கள். ஓட்டும் சுகம் மட்டும்தான் கணக்கு என்றால் ஸ்விஃப்ட் தெளிவாக வெல்கிறது.

விட்ஸ் ஆர்எஸ்ஸில் நான் சொல்வது 2005 முதல் 2010 வரை வந்த இரண்டாம் தலைமுறை, சேசிஸ் இலக்கம் என்சிபி91 என்று தொடங்குவது. 1.5 லீற்றர் 1என்இசட்-எஃப்ஈ எஞ்சின், 110 குதிரைவலு அளவில், ஐந்து கியர் மெனுவல். மேலே போய்ப் பாடும் எஞ்சின் இல்லை. ஆனால் 2000 சுற்றிலேயே இழுக்கத் தொடங்கிவிடும், காத்தான்குடி நெரிசலில் அதுதான் வேண்டும். சஸ்பென்ஷன் ஸ்விஃப்டைவிட ஒரு படி மென்மை. வளைவில் கொஞ்சம் சாயும், அதே மென்மை உள்வீதிக் குழிகளில் முதுகைக் காப்பாற்றும். பின்சீட்டில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனால் முறைப்பாடு வராது.

இந்த இடத்தோடு நிறுத்தினால் நான் இன்னும் ஸ்விஃப்டில்தான் ஓடிக்கொண்டிருப்பேன். என்னை மாற்றியது சாமான், அதாவது உதிரிப்பாகம்.

ஸ்விஃப்டின் முன் ஷொக் அப்சோபர் இரண்டும் ஓட்டத்தில் தேய்ந்து எண்ணெய் கசியத் தொடங்கின. அந்த வயதுக்கு எந்தக் காரிலும் நடப்பதுதான், அதில் காரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாதாரண ஸ்விஃப்ட் எங்கள் றோட்டில் தாராளமாக ஓடுகிறது, அதன் ஷொக் கல்முனையிலேயே கிடைக்கும். ஆனால் ஸ்போர்ட்டின் ஷொக் வேறு. சாதாரணத்தைப் போட்டால் கார் ஓடும், ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டாக ஓடாது. ஆகவே கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி, அங்கே ஒருவர் தேடி, படம் அனுப்பி, பஸ்ஸில் போட்டுவிட்டு, வந்து பார்த்தால் அடுத்த மொடலுடையது. திருப்பி அனுப்பி மறுபடி காத்திருப்பு. அதுவரை பஸ்ஸில் வேலைக்கு. மருதமுனையில் என் காரைப் பார்க்கும் கராஜ்காரர் அப்போது சொன்னார்: “தம்பி, எனக்கு வேலை பெரிசில்ல. சாமான் கையில இருந்தா பின்னேரம் காரக் கொண்டு போயிரலாம்.”

அந்தப் பின்னேரம் என்ற சொல்லை விட்ஸோடு பொருத்திப் பாருங்கள். 1என்இசட் எஞ்சின் விட்ஸில் மட்டுமா இருக்கிறது? கொரோலா 121, 141, எக்சியோ, அலியன் 240, 260, பிரீமியோ, ப்ரோபொக்ஸ் எல்லாவற்றிலும் அதே எஞ்சின் வந்திருக்கிறது. அக்வாவில் இருப்பது அதன் ஹைபிரிட் வடிவம். மட்டக்களப்பு பஸ் நிலையத்தடியில் ஹயருக்கு நிற்கும் கார்களின் பொனட்டைத் திறந்தால் பாதிக்கு மேல் இந்தக் குடும்பமாகத்தான் இருக்கும். அதனால் வோட்டர் பம்ப், இக்னிஷன் கொயில், பெல்ட், சென்சர், எஞ்சின் மவுண்ட் என்று எது போனாலும் களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ அன்றே கைக்கு வரும். புதியதும் உண்டு, ஜப்பானில் கழற்றிய பழையதும் உண்டு. விலை பேசவும் இடம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது கடையிலும் அதே சாமான் இருக்கும். சாமானைவிட முக்கியமான ஒன்று, அந்த எஞ்சினைப் பழகிய கைகள். ஐட்லிங் ஏறி இறங்குகிறது என்றால் த்ரொட்டில் பொடியைக் கழுவிப் பார், விவிடி வால்வின் சல்லடையைப் பார் என்று கராஜில் வேலை பழகும் பொடியனே சொல்லுவான். 31எஸ்ஸின் எம்16ஏ எஸ்எக்ஸ்4, எஸ்கூடோ போன்ற சுசுகிகளிலும் வந்ததுதான், கெட்ட எஞ்சின் அல்ல, அதற்கும் டைமிங் செயின்தான். ஆனால் அந்த வண்டிகள் எங்கள் கரையில் எத்தனை ஓடுகின்றன?

இது வரவர இன்னும் இறுகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள், ஆனால் பாவித்த கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் 2005இன் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இன்னொன்று இந்த நாட்டுக்கு வரப்போவதில்லை. இருக்கிற கொஞ்சமும் அடிபட்டுக் குறையும், அவற்றுக்கென்றே உரிய சாமானும் குறையும். விட்ஸ் ஆர்எஸ்ஸும் இனி வராதுதான். ஆனால் அதன் எஞ்சினை அலியனும் எக்சியோவும் இன்னும் நெடுங்காலம் உயிரோடு வைத்திருக்கும். விட்ஸின் பம்பர், உள்ளே இருக்கும் சிவப்புத் தையல் சீட் போன்றவை கிடைக்காமல் போகலாம். அவை இல்லாவிட்டாலும் வேலைக்குப் போகலாம்.

பெற்றோல் விஷயமும் இதோடு ஒட்டியது. ஜப்பானில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் 89க்குக் குறையக்கூடாது, உயர்தரம் 96க்குக் குறையக்கூடாது. விட்ஸ் ஆர்எஸ் சாதாரணத்துக்கு அமைத்த கார், நம் 92 அதற்குப் போதும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் கிளான்சாவும் உயர்தரம் கேட்பவை, இங்கே 95 அடிக்க வேண்டும். 95 எல்லாப் பெற்றோல் செட்டிலும் இருப்பதில்லை; பொத்துவில் பக்கம் போகும்போது முன்கூட்டியே யோசித்து அடிக்க வேண்டியிருந்தது. 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் ஒரு லீற்றர் 470 ரூபாய், 95 ஒக்டேன் ஒரு லீற்றர் 550 ரூபாய். அப்புறம் தட்டுப்பாட்டில் பெற்றோலைப் பங்கிட கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானது. வரிசையில் நின்று முன்னால் போனால் 92 மட்டும்தான் இருக்கும். ஸ்விஃப்டுக்கு அதையே அடித்து, மிதிக்காமல் மெதுவாக ஓட்டினேன். காரை விற்கும் முடிவு அந்த வரிசையில்தான் வந்தது.

மறுவிற்பனையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விட்ஸ் என்ற பெயருக்கே ஆள் வரும், மெனுவல் என்றதும் பாதிப்பேர் போவார்கள், மீதியில் ஒருவர் வாங்குவார். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு அதைத் தேடியே அலையும் ஒருவர் வர வேண்டும், வந்தால் நல்ல விலை கொடுப்பார். என்னுடையதை வாங்கியவர் கண்டியிலிருந்து வந்தார்.

உப்புக்காற்று இரண்டையும் ஒரேமாதிரிதான் தின்னும். கல்லடியில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் கிழமைக்கு ஒருமுறை அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். வாங்கும்போது பின் அக்ஸில், பிரேக் குழாய், சைலன்சர் பிடிகளைக் குனிந்து பாருங்கள். மலைநாட்டில் ஓடிய கார் கிடைத்தால் நல்லது.

ஹொண்டா ஃபிட் ஆர்எஸ்ஸை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஜிஈ8, 1.5 லீற்றர், 120 குதிரைவலு. பின்சீட்டின் அடிப்பகுதியை நிமிர்த்தினால் சைக்கிளே உள்ளே போகும். கல்முனை நண்பர் ஒருவருடையதை அம்பாறைக்கும் திருக்கோவிலுக்கும் ஓட்டியிருக்கிறேன். கியர் விழும் விதம் இந்த மூன்றையும்விட இனிமை. ஆனால் சொந்தமாக வைத்துப் பராமரித்ததில்லை, அதனால் விட்ஸுக்கு மேலா கீழா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2017இல் வந்த 33எஸ் ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.4 டர்போ, 970 கிலோ, ஒரு சுற்றுத்தான் ஓட்டக் கிடைத்தது. கிளான்சாவின் தள்ளலை நாகரிகமாக்கிக் கொடுத்தது போல இருந்தது. அதன் விலைக்கு நல்ல அலியன் ஒன்றை எடுக்கலாம் என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

விட்ஸ் ஆர்எஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஆர்எஸ் பட்டையும் பம்பரும் ஒட்டிய சாதாரண விட்ஸ் நிறையச் சுற்றுகிறது. பட்டையை நம்பாமல் சேசிஸ் இலக்கத்தைப் பாருங்கள். கேஎஸ்பி90 என்றால் 1.0, எஸ்சிபி90 என்றால் 1.3, என்சிபி91 என்றால்தான் 1.5. முதல் தலைமுறை என்றால் என்சிபி13 வேண்டும், எஸ்சிபி10 என்றால் அது 1.0. பிறகு பொனட்டைத் திறந்து எஞ்சின் இலக்கத்தை வாகனப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய எஞ்சினை மாற்றி, புத்தகத்தில் பதியாமல் விட்ட கார்கள் உண்டு. பெயர் மாற்றப் போகும்போதுதான் வில்லங்கம் தெரியவரும். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள், சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். ஓட்டம் கூடிய 1என்இசட் சில எண்ணெய் குடிக்கும். ஸ்பிரிங் வெட்டிப் பதித்த கார் என்றால் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் விட்டுவிட்டு வாருங்கள், களுதாவளைப் பக்கம் உள்வீதி ஒன்றில் ஒரு மாரி ஓடினால் அடிப்பக்கம் மிஞ்சாது.