பிசிறில்லாத கோட்டுக்கு எந்த மாஸ்கிங் டேப்? பச்சை ஃபிராக்டேப் ரிவ்யூ

கேன்வாஸில் முக்கோணம், சதுரம், பட்டை பட்டையாகக் கலர் என்று வரைகிறவர்களுக்கு இருக்கிற பொதுவான தலைவலி, கோடு நேராக வர ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரித்ததும் கோட்டோரம் பிசிறடித்து நிற்பது. பெயிண்ட் கடையில் கிடைக்கிற வெளிர் மஞ்சள் டேப்பில் பிசிறு வராமல் இருந்தால்தான் அதிசயம். அந்தத் தாளே சுருக்கம் சுருக்கமாக இருக்கும். வளைத்து ஒட்ட அது வசதிதான், ஆனால் அந்தச் சுருக்கங்களுக்கு அடியில்தான் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயிண்ட் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அதனால் இப்போது நான் பயன்படுத்துவது ஃபிராக்டேப்பின் பச்சை ரோல். சுருக்கமாகச் சொன்னால்: நல்ல டேப், விலை அதிகம், எல்லோருக்கும் தேவையில்லை.

அது வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. டேப்பின் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சும் பாலிமர் இருக்கிறது. தண்ணீர் கலந்த பெயிண்ட் பட்டதும் அது ஜெல் மாதிரி உப்பி ஓரத்தை அடைத்துக்கொள்ளும். ஆக, அக்ரிலிக்குக்கு இது பொருத்தம். ஆயில் பெயிண்டில் தண்ணீரே இல்லை, அங்கே அந்த பாலிமருக்கு வேலையும் இல்லை. ஆயிலில் வரைகிறவர்கள் இந்தக் காசை நல்ல பிரஷ்ஷில் போடலாம்.

இன்னொன்று, இது சுவருக்காகச் செய்யப்பட்ட டேப். 21 நாள் வரை ஒட்டி வைத்திருக்கலாம் என்பதும் சுவரை மனதில் வைத்துச் சொன்னதுதான். கேன்வாஸ் துணியின் நெசவில் மேடும் பள்ளமும் இருப்பதால் எந்த டேப்பாக இருந்தாலும் பள்ளத்தில் முழுதாகப் படியாது. அதற்கு ஓவியர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது: டேப் ஒட்டியதும் அடியில் ஏற்கெனவே இருக்கும் கலரையே, அல்லது நிறமில்லாத மேட் மீடியத்தை (கலர் சேர்க்காத, பளபளப்பில்லாத அக்ரிலிக் திரவம்), டேப் ஓரத்தில் மெல்லியதாக ஒருமுறை தடவிக் காயவிடுவது. கசிவதென்றால் அதுவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும், அடிக்கலரும் அதுவும் ஒன்றே என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் மேல்கலரை அடித்தால் கோடு கத்தியால் வெட்டினது போல வரும். இதைச் சரியாகச் செய்தால் மலிவு டேப்பே பெரும்பாலும் போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பச்சை டேப்பை நான் எடுப்பது பெரிய கேன்வாஸில் நீளக் கோடுகள் வரும்போது, அல்லது மீடியம் தடவிக் காயவைக்கப் பொறுமை இல்லாத நாட்களில்.

உரிப்பதிலும் கவனம் வேண்டும். பெயிண்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே, டேப்பைத் தன்மேலேயே மடித்து, சாய்வாக, நிதானமாக இழுக்க வேண்டும். காய்ந்து இறுகிய பிறகு இழுத்தால் அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் தோலாகி டேப்போடு சேர்ந்து கிழிந்து வரும். நேற்று அடித்த கலரின் மேலேயே ஒட்டப் போகிறீர்கள் என்றால் அதே கம்பெனியின் மஞ்சள் டேப்பைப் பாருங்கள், அது மென்மையான பரப்புகளுக்கானது.

இதெல்லாம் சரி, இந்த டேப்பை வைத்து என்ன வரைகிறோம்? மாஸ்கிங் டேப்பே ஓவியருக்காக வந்த பொருள் கிடையாது. 1925-இல் 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ, இரண்டு கலர் கார்களுக்கு பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஆட்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் அதைச் செய்தார். அங்கிருந்து அது ஸ்டூடியோவுக்குள் வந்தது. நியூயார்க்கில் டச்சு ஓவியர் மோந்திரியான் கலர் டேப் துண்டுகளை ஒட்டி ஒட்டி நகர்த்தித்தான் தன் கடைசிக் காலப் படங்களை யோசித்தார். அப்படிப் பாதியில் நின்ற 1941-ஆம் ஆண்டுப் படம் ஒன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே மாட்டியிருக்கிறார்கள் என்று 2022-இல் அந்த மியூசியத்தின் க்யூரேட்டரே சொன்னார். திருப்பி மாட்டவில்லை, டேப் பழசாகி இற்றுப்போய்விட்டதால் திருப்பினால் உதிர்ந்துவிடும் என்று பயம். டேப்பை ஓவியத்தின் பகுதியாக விட்டுவைக்க நினைக்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் 1948-இல் கேன்வாஸின் நடுவே மேலிருந்து கீழாக டேப் ஒட்டி, கலர் எப்படி வருகிறதென்று பார்க்க அதன்மேல் சிவப்பைத் தடவினார், பிறகு உரிக்கவே இல்லை. நியூயார்க்கின் நவீன ஓவிய மியூசியமான மோமாவில் இருக்கும் அந்தச் சின்னப் படத்திலிருந்துதான் அவருடைய பெரிய படங்கள் எல்லாம் கிளம்பின.

இன்றைய ஓவியத்தில் இந்த வழிக்கு நல்ல வாரிசுகள் உண்டு. கார்மென் ஹெரேரா அளவுகோலும் டேப்புமாகப் பெரும்பாலும் இரண்டே கலரில் பல பத்தாண்டுகள் வேலை செய்தார், 89 வயதில்தான் முதல் படம் விற்றது. அவர் படத்தில் ஒரு கோணத்தை விரல் அகலம் நகர்த்தினாலும் மொத்தமும் சரிந்துவிடும். சாரா மாரிஸ் வீட்டுக்கு அடிக்கிற பளபளப்பு பெயிண்டிலேயே நகரங்களைக் கட்டங்களாக்குகிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது டோமா ஆப்ட்ஸ். 48க்கு 38 சென்டிமீட்டர்தான் கேன்வாஸ், கிட்டே போனால் மேல்கலருக்கு அடியில் பழைய கோடுகள் வரப்பு வரப்பாகப் புடைத்துத் தெரியும். டேப் உரித்த இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், அதே வரப்பு உங்கள் விரலிலும் தட்டும். நாம் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைக்கப் பார்க்கிறோம், ஆப்ட்ஸ் அதையே படமாக்கி 2006-இல் பிரிட்டனின் டர்னர் ஓவியப் பரிசும் வாங்கிவிட்டார்.

மறுபக்கம் ரீல்ஸில் வருகிற டேப் ஓவியங்கள். குறுக்கும் நெடுக்குமாக டேப், கட்டத்துக்கொரு கலர், கடைசியில் உரிக்கிற அந்த நாலு செகண்ட் சுகம். சோபாவுக்கு மேலே மாட்டக் குறையொன்றும் இல்லை. ஆனால் அங்கே எந்தக் கலர் எந்தக் கலருக்குப் பக்கத்தில் என்ற கேள்வியே எழுவதில்லை, எல்லாவற்றையும் வெள்ளைக் கோடு பிரித்துவிடுகிறது. ஜியாமெட்ரி ஓவியத்தின் முக்கால்வாசி சண்டை இரண்டு கலர் நேராக உரசும் இடத்தில்தான் நடக்கிறது. பிரிட்ஜெட் ரைலியின் படங்களில் டேப்பே கிடையாது, உதவியாளர்கள் கையாலேயே ஓரம் பிடிக்கிறார்கள், இருந்தும் கண் கூசுகிறது. அது கலரின் வேலை, டேப்பின் வேலை அல்ல.

வாங்குகிறவர்களுக்கு: 24 மில்லிமீட்டர் அகலமே போதும், 48 வாங்கினால் பாதி வீண். வளைவுக்கு இது சரிப்படாது, அதற்கு மட்டும் சுருக்கம் உள்ள சாதா டேப்தான். ரோலோடு வரும் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் இருக்கும் பாலிமருக்குக் காற்றின் ஈரமும் தண்ணீர்தான், மழைக்காலத்தில் வெளியே கிடந்தால் வேலைக்கு முன்பே உப்பிக்கொள்ளும், தூசியும் ஒட்டும். டப்பாவில் போட்டு மூடிவைத்தால் ஒரு ரோல் நன்றாகவே உழைக்கிறது.