ஆர்.சி. பக்கிக்கு அலுமினிய ஸ்டீரிங், சஸ்பென்ஷன் செட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

முழு செட்டாக வாங்காதீர்கள், இதுதான் என் விமர்சனம். நேரம் இருப்பவர்கள் மீதியையும் படிக்கலாம். பொள்ளாச்சி, எல்லை தாண்டிக் கேரளத்தில் வேலந்தாவளம், சித்தூர் பக்கம் ஆர்.சி. (ரிமோட்டில் ஓடுகிற குட்டிக் கார்) ஓட்டுகிற தம்பிகள் என் வண்டியில் நீலமாக மின்னுகிற அலுமினியத்தைப் பார்த்துவிட்டு "அண்ணா, இது எங்க வாங்குனீங்க, எவ்வளவு ஆச்சு, நானும் போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

வண்டி 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு), ஷாஃப்ட் டிரைவ் (மோட்டாரின் சுற்று ஒரு தண்டு வழியே சக்கரத்துக்குப் போகும்), நாலு சக்கரமும் இழுக்கும், ஆரம்ப விலைப் பக்கி, அதாவது மண்ணில் ஓட்டுகிற வகை. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலைக்கு வருகிற பெரும்பாலான வண்டிகளில் கதை ஒன்றுதான்: மோட்டாரைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு ஸ்டீரிங்கில் கஞ்சத்தனம் பண்ணியிருப்பார்கள். முன் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், சர்வோ (ஸ்டீரிங்கைத் திருப்புகிற குட்டி மோட்டார்) அசையாமலே டயர் பழைய மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி ஆடும். வீட்டு முற்றத்தில் ஓட்டும்போது இது தெரியாது. நாங்கள் ஓட்டுவது கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கிற வயலிலும் அதை ஒட்டிய செம்மண் பறம்பிலும் (மேட்டு நிலம்). அங்கே முழு வேகத்தில் விட்டால் வண்டி நேராகப் போகவே போகாது, ரிமோட்டில் டிரிம்மை (வண்டியை நேராக்குகிற திருகு) எந்தப் பக்கம் திருகினாலும் அடுத்த குதியில் மறுபடி வேறு பக்கம் இழுக்கும். (ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து அத்தனை பேர் எல்லை தாண்டி வருவது வண்டி ஓட்ட மட்டும்தான் என்று அவர்கள் வீட்டில் நம்புகிறார்கள். சித்தூர் தாலுகாவில் கள்ளுக்கடை உண்டு, தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.)

செட்டில் பேரிங் வைத்த ஸ்டீரிங் பெல் கிராங்க் (சர்வோவின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்துகிற கைகள்), முன் நக்கிள் (சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிற பாகம்), அதைத் தாங்கும் சி ஹப், முன்னும் பின்னும் லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கிற கீழ்க்கை), ஷாக் டவர் (ஷாக்கின் மேல்முனை மாட்டுகிற தட்டு), ஆயில் ஷாக் நாலு, டர்ன்பக்கிள் (நீளத்தை மாற்றக்கூடிய இணைப்புக் கம்பி) என்று எல்லாமே இருந்தது. விலை ஏழாயிரத்தைத் தொட்டது. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. சீன ஆன்லைன் கடையான அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் தடையானதிலிருந்து நாமே நேராக வரவழைப்பதும் போச்சு. மொத்தமாக இறக்கி விற்கிற ஆட்கள் சொல்வதுதான் விலை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பெல் கிராங்க் அருமை. பழையதில் பிளாஸ்டிக் கை, பிளாஸ்டிக் புஷ், நடுவில் ஒரு கம்பி, அதற்குள் மண் புகுந்து ஓட்டை நீள்வட்டமாகியிருந்தது. புதியதில் ஒவ்வொரு கைக்கும் மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங். மாட்டியதுமே பாதி ஆட்டம் போய்விட்டது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே திருகினால் வேலைக்காகாது. மேல் தட்டின் ஸ்குரூவை இறுக்கும்போது பேரிங் பக்கவாட்டில் நசுங்கி ஸ்டீரிங் கனமாகிவிடும், நடுவில் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்று வைக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: சர்வோவிலிருந்து லிங்கைக் கழற்றிவிட்டு வண்டியைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தால் முன் சக்கரம் இரண்டும் தன் கனத்திலேயே அந்தப் பக்கம் சரிய வேண்டும். சரியவில்லை என்றால் எங்கோ பிடிக்கிறது. அந்தப் பிடிப்போடு ஓட்டினால் சர்வோ ஓயாமல் முனகி, சூடாகி, சீக்கிரமே செத்துப்போகும். துளி ஆட்டம் இருப்பது இறுகிக் கிடப்பதைவிட மேல்.

இதே செட்டில் ஒரு முட்டாள்தனமும் இருந்தது. சர்வோ சேவருக்குப் பதிலாக ஒரு கெட்டியான அலுமினிய ஹார்ன் (சர்வோவின் தண்டில் மாட்டுகிற கை) கொடுத்திருந்தார்கள். சேவர் என்பது ஸ்பிரிங் வைத்த ஹார்ன், சக்கரம் வரப்பில் மோதும்போது அந்த அடி சர்வோ பல்லுக்குப் போகாமல் நடுவில் வளைந்து கொடுக்கும். அதைத் தூக்கிவிட்டால் அடி நேராக கியருக்குத்தான். கல் இல்லாத தார் ரோட்டில் ஓட்டுபவர்கள் போட்டுக்கொள்ளட்டும், நம் ஊர் வயலுக்கு ஆகாது. பழைய சேவர் தொளதொள என்று இருந்தால் இறுக்கமான சேவராக வாங்குங்கள், டாமியா கம்பெனியின் ஹை டார்க் சேவர் மாதிரி. வாங்கும் முன் சர்வோவின் வெளித்தண்டில் உள்ள பல் எண்ணிக்கையைப் பாருங்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஃபுட்டாபா வகைக்கு 25, சான்வா, ஜேஆர் வகைக்கு 23, ஹைடெக்குக்கு 24. ஒரு பல் மாறினாலும் உட்காராது, அடித்து உட்கார வைத்தால் இரண்டும் போகும்.

சர்வோ பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். இன்ஜினியரிங் பசங்கள் ரோபோ புராஜெக்டுக்கு வாங்குகிற எம்ஜி996ஆர் சர்வோ கோயம்புத்தூரில் எங்கும் கிடைக்கும், மலிவும்கூட, அதைப் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். கணக்குப்படி 6 வோல்ட்டில் 11 கிலோ இழுவை (ஒரு சென்டிமீட்டர் நீளக் கையின் முனையில்), 60 டிகிரி திரும்ப 0.14 வினாடி. சும்மா சுற்றுவதற்குப் போதும். ஆட்டத்தை எல்லாம் எடுத்த பிறகு அந்த வேகம் தாமதமாகத் தெரியும், அப்போது 20 கிலோ டிஜிட்டல் சர்வோவுக்குப் போங்கள். அதற்கும் ஒரு நிபந்தனை: உங்கள் இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) உள்ள பிஇசி (சர்வோவுக்கும் ரிசீவருக்கும் கரண்ட் கொடுக்கிற பகுதி) எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று முதலில் பாருங்கள். பெரிய சர்வோ முட்டி நிற்கும்போது இழுக்கிற கரண்டில் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் ஒரு நொடி அணைந்து எழும். அந்த ஒரு நொடியில் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பது அதற்கே தெரியாது.

அடுத்து ஆர்ம். இங்கேதான் எனக்குக் கோபம். வந்த நாலில் ஒன்றில் ஹிஞ்ச் பின் (ஆர்ம் கீல் போல ஆடுவதற்கான கம்பி) போகும் ஓட்டையே கோணல், கம்பி பாதி தூரம் போய் நின்றுவிட்டது. விற்றவர் வாட்ஸாப்பில் படம் கேட்டார், அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அதோடு சரி. கடைசியில் பொள்ளாச்சியில் தெரிந்த லேத் பட்டறையில் ரீமர் விட்டுச் சரிபண்ணித் தந்தார்கள், காசு வாங்கவில்லை, "இது பொம்மையா?" என்று மட்டும் கேட்டார்கள். அப்படிப் பாடுபட்டு மாட்டிய ஆர்ம் ஒரு வரப்பில் பக்கவாட்டாக விழுந்ததும் வளைந்துவிட்டது. பார்த்தால் தெரியாது. கண்ணாடி மேல் வைத்தால் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். அன்றிலிருந்து இடது முன் சக்கரம் ஒரு கோணம், வலது சக்கரம் வேறு கோணம்.

அலுமினியத்தின் குணமே அதுதான், வளைந்தால் வளைந்ததுதான். நைலான் வளைந்து மறுபடி பழைய நிலைக்கு வரும். அடி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும், ஆர்ம் அதைத் தாங்கிக்கொள்ளாவிட்டால் ஹிஞ்ச் பின்னுக்குப் போகும், அதுவும் தாங்காவிட்டால் சேஸியில் அதைப் பிடித்திருக்கும் பிளாக் பெயர்ந்து வரும். ஒரு ஆர்ம் மாற்றுவது டீக்கடைச் செலவு, பிளாக் மாற்ற வண்டியை முழுசாகப் பிரிக்க வேண்டும். இதனால்தான் ஆர்பிஎம் என்கிற அமெரிக்கக் கம்பெனி ஆர்ம் மாதிரியான நைலான் பாகங்களை வைத்தே பெயர் வாங்கியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு அது கிடைக்காவிட்டால் கம்பெனி பிளாஸ்டிக் ஆர்மையே கூடுதலாக ஒரு ஜோடி வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். சி ஹப்புக்கும் இதே நியாயம். நக்கிள் மட்டும் அலுமினியமாக இருக்கலாம், ஏனென்றால் பிளாஸ்டிக் நக்கிளில் பேரிங் உட்காரும் குழி நாளடைவில் பெருத்துவிடும், சக்கரம் ஆடுவதற்கு அது ஒரு முக்கிய காரணம். ஷாக் டவர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அழகாக இருக்கிறது.

ஷாக் நாலும் காசுக்குத் தகும், ஆனால் வந்தபடியே மாட்டக்கூடாது. திறந்து பார்த்தேன்: ஒன்றில் ஆயில் பாதி, ஒன்றில் அதைவிடக் குறைவு, பிஸ்டன் ஓரத்தில் பிசிறு. நாலையும் பிரித்து, பிசிறை மெல்லிய எமரித் தாளில் தேய்த்து, ஓ ரிங்குக்கு (ஆயில் கசியாமல் தடுக்கிற வளையம்) கிரீஸ் தடவி (டீம் அசோசியேட்டட் கம்பெனியின் கிரீன் ஸ்லைம் இதற்கென்றே வருவது), சிலிக்கான் ஆயில் ஊற்றிப் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஓட்டினால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். அவசரப்படாமல் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து, டயாஃப்ரம் (மூடிக்கு அடியில் வைக்கிற ரப்பர்) வைத்து மூட வேண்டும். மூடியபின் காதருகே வைத்து அழுத்தினால் சளசள சத்தம் வரக்கூடாது. வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, திரும்பவும் திறங்கள்.

ஆயிலை முன்னால் 350 சிஎஸ்டி (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு), பின்னால் 300-ல் ஆரம்பியுங்கள். பாட்டிலில் வெயிட் என்று போட்டிருந்தால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அசோசியேட்டட்டில் 30 வெயிட் என்பது 350 சிஎஸ்டி, மற்றவர்களிடம் அதே எண் வேறாக இருக்கலாம், அதனால் சிஎஸ்டி எண்ணை நம்புங்கள். பாலக்காட்டு மார்ச் வெயிலில் ஆயில் இளகி வண்டி குதிபோட ஆரம்பிக்கும், அப்போது ஐம்பது கூட்டிக்கொள்ளலாம். பைக் ஃபோர்க் ஆயில் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அது பெட்ரோலிய ஆயில், சிலிக்கான் ஓ ரிங் உப்பிப்போய் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டியபின் பேட்டரியோடு வண்டியை ஓரடி உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். விழுந்து நின்றபின் சக்கரத்துக்குப் போகிற டிரைவ் ஷாஃப்ட் ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாக் மேலுள்ள காலரைத் திருகிச் சரிபண்ணலாம், பழைய ஷாக்கில் இந்த வசதி கிடையாது.

டர்ன்பக்கிள் எஃகு, நல்ல தரம். ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை, கழற்றாமலே நீளத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே திசையில் மாட்டுங்கள், அப்புறம் எந்தப் பக்கம் திருகினால் நீளும் என்று யோசிக்க வேண்டாம். முன் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) ஒன்று முதல் இரண்டு டிகிரி உள்சாய்வு, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் நோக்குகிற திசை) நேராக அல்லது துளி வெளியே, அவ்வளவு போதும். சஸ்பென்ஷனை அழுத்தும்போது சக்கரம் தானாகத் திரும்பினால் பம்ப் ஸ்டீர், டை ராட் (நக்கிளுக்குப் போகிற ஸ்டீரிங் கம்பி) மாட்டியிருக்கிற உருண்டைத் தலை ஸ்குரூவான பால் ஸ்டட் அடியில் ஒரு வாஷர் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

உலோகத்தில் உலோகம் போகிற ஸ்குரூவுக்கு நீல லாக்டைட் (ஸ்குரூ கழலாமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு, பிளாஸ்டிக்கில் போகிற ஸ்குரூவுக்கு வேண்டவே வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைக்கும். செட்டோடு வந்த ஸ்குரூ மெத்தென்ற இரும்பு, 2 மில்லி ஆலன் கீ இரண்டு தடவை வழுக்கினால் தலை வட்டமாகிவிடும், ஆகவே நல்ல ஸ்குரூ தனியாக வாங்குங்கள். ஓட்டி முடித்ததும் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸரைப் பிடித்தால் வெளியே இருக்கிற செம்மண் பேரிங்குக்குள்ளே போய் உட்காரும்.

ஆக, வாங்க வேண்டியது பெல் கிராங்க், நக்கிள், டர்ன்பக்கிள், ஷாக். தனித்தனியாக வாங்கினால் செட் விலையில் முக்கால்வாசிதான் ஆகும், மிச்சத்தில் சர்வோ சேவரும் ஆயிலும் பிளாஸ்டிக் ஆர்மும் வந்துவிடும். எங்கள் கேரள முகவரிக்குக் கூரியர் பாலக்காடு சுற்றி வந்து சேர நாளாகிறது, பொள்ளாச்சியில் தெரிந்தவர் முகவரி இருந்தால் அதைக் கொடுங்கள். செட்டின் நீல ஆர்மில் மூன்று இன்னும் நேராகத்தான் இருக்கின்றன, தார் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பறம்புக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.